‘அந்த நோய்’ போன பிறகு: அரபுப் பெண்கள் மார்பகப் புற்றுநோயைக் கடக்கும் விதம்

அரபு மொழியில் புற்றுநோய்க்கு ‘சரதான்’ என்று பெயர். நண்டுக்கும் அதே சொல்தான். மருத்துவமனைச் சீட்டில் இந்தச் சொல் இருக்கும். வீட்டுக்குள் அநேகமாக இருக்காது. ஜோர்தானிலும் பாலஸ்தீனத்திலும் ‘ஹதாக் அல்-மரத்’ என்பார்கள், ‘அந்த நோய்’ என்று அர்த்தம். எகிப்தில் அது ‘கெட்ட நோய்’. வேறு பல இடங்களில் ‘அல்-கபீத்’, கொடியது. பெயரைச் சொன்னால் வீடு தேடி வந்துவிடும் என்ற பயம். இருட்டிய பிறகு பாம்பைப் ‘பூச்சி’ என்று சொல்லும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீள்வது என்றால் கட்டியை வெட்டி, கீமோ ஏற்றி, கதிர்வீச்சு முடித்து, ஐந்து வருடம் எண்ணுவது என்றே பலரும் நினைக்கிறோம். மருத்துவத்தில் இந்த மீட்சிக் காலம் நோய் கண்டறிந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. வாழ்நாள் முழுக்க நீள்கிறது. அந்தக் காலத்தில் ஒரு பெண் யாரிடம் சொல்கிறாள், யார் அவளுக்காக முடிவெடுக்கிறார்கள், விருந்தாளி வந்தால் என்ன செய்கிறாள், தொழுகை விரிப்பில் எப்படிக் குனிகிறாள், கணவனின் பக்கத்தில் எப்படிப் படுக்கிறாள் என்பவற்றையெல்லாம் பண்பாடுதான் வகுக்கிறது. அரபுப் பெண்களின் அனுபவத்தைப் புரிந்துகொள்ள இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. அரபு லீகில் 22 நாடுகள் இருக்கின்றன. ரியாத்தின் பெரிய மருத்துவமனையில் சிகிச்சை பெறும் பேராசிரியரும், மேல் எகிப்தின் கிராமத்துப் பெண்ணும், பெய்ரூட்டின் மாரோனைட் கிறிஸ்தவப் பெண்ணும், மொரோக்கோ மலைப் பெண்ணும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். கீழே சொல்வது பலரிடமும் திரும்பத் திரும்பக் காணப்படும் போக்குகள் மட்டுமே.

இன்னொன்று, வயது. அரபு நாடுகளில் இந்த நோய் கண்டறியப்படும் நடுத்தர வயது சுமார் 50. மேற்கு நாடுகளைவிட ஏறக்குறைய பத்து வருடம் முந்தியது. அங்கே மக்கள்தொகையே இளையது என்பது இதற்கு ஒரு பெரிய காரணம். ஐம்பதுக்கு முன்பே நோய் வருகிறவர்களுக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள், கல்யாணத்துக்கு நிற்கும் மகள்கள், படுக்கையில் மாமியார் என்று எல்லாம் இருக்கும். பேரப்பிள்ளை எடுத்து ஓய்ந்த பெண்ணின் நோய் மட்டுமல்ல இது.

யாருக்குச் சொல்வது, யார் சொல்வது

பயாப்சி என்ற திசுச் சோதனையின் முடிவு வந்ததும் மூத்த மகனோ கணவனோ மருத்துவரைத் தனியே அழைத்து, “அம்மாவிடம் சொல்லாதீர்கள், தாங்கமாட்டார்கள்” என்று கேட்பது அங்கே மிகச் சாதாரணம். இதில் ஆதிக்கமும் உண்டு, உண்மையான அன்பும் உண்டு; இரண்டையும் பிரித்தெடுப்பது வெளியாள் நினைப்பதுபோல் எளிதல்ல. கெட்ட செய்தியின் பாரத்தை நோயாளியின் தலையில் வைக்காமல் குடும்பம் தாங்கிக்கொள்வது அங்கே ஒரு கடமை.

சட்டமும் மார்க்கமும் இந்த வழக்கத்தின் பக்கம் நிற்கின்றன என்று எண்ணக் கூடாது. சவூதி அரேபியாவின் மூத்த மார்க்க அறிஞர் மன்றம் 1984இலேயே, சுயநினைவுள்ள வயதுவந்த நோயாளிக்கு, ஆணோ பெண்ணோ, அவருடைய சம்மதம் இல்லாமல் அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும் நடைமுறையில் கையெழுத்துக்குக் கணவனைத் தேடுவது பல இடங்களில் தொடர்ந்தது. மதம் சொல்வதும் ஊர் வழக்கம் செய்வதும் வேறுவேறு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மறைப்பதில் என்ன கெடுகிறது? தனக்கு என்னவென்று தெரியாத பெண், ‘நீர்க்கட்டி’ என்று நம்பி கீமோவை நடுவில் நிறுத்திவிடுவாள். நோய் திரும்பாமல் தடுக்கும் மாத்திரையைப் பத்து வருடம்வரை விழுங்க வேண்டிய காரணம் அவளுக்குப் புரியாது. பெரும்பாலும் அவளுக்கு எல்லாம் தெரிந்தே இருக்கும். பிள்ளைகள் வருந்தக் கூடாதென்று தெரியாததுபோல் நடிப்பாள். இரு பக்கமும் ஒருவரையொருவர் காப்பாற்றப் போய், பேசவேண்டியது எதுவும் பேசப்படாமல் போகிறது.

அனுபவமுள்ள மருத்துவர்கள் இதைக் குடும்பத்தோடு சண்டையாக்குவதில்லை. சோதனைக்கு அனுப்பும்போதே, முடிவு வருவதற்கு முன்பே, நோயாளியிடம் நேராகக் கேட்டுவிடுவார்கள்: “முடிவை உங்களிடம் சொல்லட்டுமா, வேறு யாரிடமாவது சொல்லட்டுமா? எவ்வளவு விவரம் வேண்டும்?” “மகனிடம் பேசுங்கள்” என்று அவளே சொன்னால் அது அவளுடைய முடிவு. கேட்காமலே மகனிடம் போவதுதான் தவறு.

நோயை வெளியே மறைப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. அவற்றில் கனமானது மகள்களின் கல்யாணம். தாய்க்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தால் பெண் கேட்டு வருகிறவர்கள் தயங்குவார்கள் என்ற பயம், கூடப்பிறந்த அக்காவிடம்கூடச் சொல்லவிடாமல் தடுக்கிறது. மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரையாகக் கடத்தப்படும் மரபணுக் கோளாறால் வருவது 5 முதல் 10 சதவீதம்தான். ஆனால் அந்தச் சிறு பங்கில் இருக்கும் குடும்பத்துக்கு மறைப்பு ஆபத்தாகிறது: அத்தையும் பெரியம்மாவும் எதனால் இறந்தார்கள் என்று தெரியாவிட்டால் மரபணு ஆலோசகர் குடும்ப மரம் வரைய முடியாது, மகளுக்கு உரிய வயதில் பரிசோதனையும் தொடங்காது.

இந்தப் பின்னணியில்தான், ஜித்தாவின் மகப்பேறு மருத்துவர் சாமியா அல்-அமூதி 2006இல் தமக்கு மார்பகப் புற்றுநோய் என்று வெளிப்படையாக நாளிதழில் எழுதியது எவ்வளவு பெரிய செயல் என்று புரியும். மருத்துவராக இருந்தும் கட்டியை உணர்ந்து பயந்து தாமதித்ததையும் அவர் மறைக்கவில்லை. அதன்பிறகு அந்த நாட்டில் ‘மார்பகம்’ என்ற சொல்லைப் பொதுமேடையில் சொல்வது கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தியமானது.

வாசலில் வரும் விருந்தாளிகள்

நோயுற்றவரைப் போய்ப் பார்ப்பது இஸ்லாத்தில் கடமை. அரபுச் சமூகத்தில் அது மதத்தையும் தாண்டிய மரியாதை. பார்க்க வராதவரை வருடக்கணக்கில் நினைவு வைத்திருப்பார்கள். இதன் பலன் பெரிது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஏற்றிவரும் பெண்ணுக்குச் சமைக்க ஆள் இருக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஆள் இருக்கும், வாந்திக்குச் சட்டி பிடிக்க ஆள் இருக்கும். தனியாக டாக்சி பிடித்துக் கீமோவுக்குப் போய்த் தனியாகத் திரும்பும் நோயாளி அங்கே அரிது.

ஆனால் வருகிறவர்கள் கன்னத்தில் முத்தமிட்டு, கட்டியணைத்து, பிள்ளைகளையும் கூட்டிவருவார்கள். கீமோ ஏற்றிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள்வரை வெள்ளை அணுக்கள் மிகத் தாழ்ந்திருக்கும். ஒரு சாதாரணச் சளிகூட அப்போது மருத்துவமனையில் படுக்கவைத்துவிடும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் காலைவரை காத்திருக்கக் கூடாது. விருந்தாளியை வேண்டாம் என்று சொல்வது அவமதிப்பு என்பதால் ‘யாரையும் வரவிடாதீர்கள்’ என்ற அறிவுரை அப்படியே வேலை செய்வதில்லை. வேலை செய்வது இது: தடையை மருத்துவர் தலையில் போடுவது. “டாக்டர் இந்த வாரம் யாரையும் தொடவேண்டாம் என்றிருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள்” என்று மகளோ மருமகளோ சொன்னால் யாருக்கும் முகம் சுண்டாது. அந்த ஒரு வாரத்துக்கு நலம் விசாரிப்பைக் குரல்செய்தியாக மாற்றிக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு.

விருந்தாளியைவிடப் பெண்கள் அஞ்சுவது ‘ஷஃபகா’வை, அதாவது பரிதாபத்தை. ‘மிஸ்கீனா’, பாவம், என்று ஒருத்தி உச்சுக்கொட்டுவது ஊசியைவிட வலிக்கும் என்று சொல்வார்கள். உம்மு அஹ்மத், உம்மு காலித் என்று மகன் பெயரால் தாயாக அழைக்கப்பட்டு, வீட்டின் தூணாக இருந்தவள், திடீரென்று இரங்கப்படுகிறவளாக மாறுவதுதான் அந்த வலி. பலர் கீமோ நடக்கும்போதே வீட்டைப் பெருக்கி, விருந்து சமைத்து, நோய் இல்லாததுபோல் நடந்துகொள்வதற்கு இதுவே காரணம்.

சமையல் என்றதும் ஒரு நுணுக்கம். பக்ளிடாக்ஸல் போன்ற கீமோ மருந்துகள் விரல் நுனிகளை மரத்துப்போக வைக்கும். திராட்சை இலையில் சோறு வைத்துச் சுண்டுவிரல் பருமனுக்குச் சுருட்டும் வேலை விரல்நுனி உணர்வால் நடப்பது. அது முடியாமல் போகும்போதுதான் பல பெண்கள் முதன்முதலாக உடைந்து அழுகிறார்கள். அடுப்பின் சூடும் விரலுக்குத் தெரியாது, தீப்புண் வரும். மரத்துப்போவதை அடுத்த சுற்றுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அளவைக் குறைக்க வழி உண்டு. “சமையல் முடியவில்லை” என்று புகார் சொல்ல வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அக்குளின் நிணநீர் முடிச்சுகளை முழுதாக நீக்கியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. பெரிய பானை தூக்குவதும் கைக்குழந்தையை அந்தப் பக்கமே இடுக்குவதும், அதுவும் உடம்பு தேறாத முதல் மாதங்களில், கையைச் சோதிக்கும். வேலையை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் எந்த அரபுத் தாயும் கேட்கப்போவதில்லை, நிறுத்துவது நல்லதும் அல்ல. சிறிய எடையிலிருந்து படிப்படியாக ஏற்றுவதும், பாரத்தை மற்றக் கைக்கு மாற்றுவதும், பாலஸ்தீனப் பெண்கள் தத்ரீஸ் பூத்தையல் போடும்போது விரலுறை அணிவதும் நடக்கக்கூடிய அறிவுரைகள். ஊசி குத்திய இடத்தில் கிருமி தொற்றினால் வீங்கிய கை சட்டென்று சிவந்து காய்ச்சல் வரும். வீக்கத்தை அடக்கும் இறுக்கமான அழுத்தக் கையுறையை வளைகுடாவின் 45 டிகிரி வெயிலில் நாள் முழுக்க மாட்டியிருப்பது கொடுமை. பகலில் குளிர்சாதன அறையில் இருக்கும் நேரங்களில் அணிந்துகொள்வது ஓரளவு தாங்கும்.

உடம்பு, கணவன், பிள்ளைப்பேறு

ஹிஜாப் அணிகிற பெண்ணுக்கு முடி கொட்டுவது பொருட்டல்ல என்று சிலர் சொல்வார்கள். இது முழுத்தவறு. வெளியே யாருக்கும் தெரியாது, உண்மைதான். அந்த மறைவு பலருக்கு ஆறுதலும்கூட. ஆனால் கூந்தல் கணவனுக்கும், பெண்கள் மட்டும் கூடும் கல்யாண வீட்டுக்கும் உரியது. முதல் கீமோவுக்குப் பின் இரண்டு மூன்று வாரத்தில் அது கொட்டும்போது இழப்பு நேர்வது அவளுடைய மிக அந்தரங்கமான இடத்தில். மேலும் ஹிஜாப் முகத்தைச் சட்டமிட்டுக் காட்டுகிறது. புருவமும் இமைமுடியும் போனால் மறைக்க எதுவும் இல்லை. பச்சைகுத்துவதை மார்க்கம் தடுப்பதால் பலர் புருவத்தைப் பென்சிலால் வரைந்துகொள்கிறார்கள்.

மார்பகத்தை மீட்டமைக்கும் அறுவையிலும் இதே தயக்கம்: இறைவன் படைப்பை மாற்றுவது ஆகாதே என்று. பலருக்குத் தெரியாத செய்தி, 2007இல் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி, நோயால் நீக்கப்பட்ட மார்பகத்தை மீட்டமைப்பதை வெளிப்படையாகவே அனுமதித்திருக்கிறது. அழகுக்காக மாற்றுவது வேறு, இழந்ததைத் திருத்துவது வேறு என்பது அதன் நியாயம். இதை அறுவை நிபுணர் சொல்வதைவிட ஊர் இமாமோ மார்க்கம் படித்த பெண் ஆலோசகரோ சொன்னால் மனதில் நிற்கும். அறுவை வேண்டாம் என்பவர்களுக்குப் பஞ்சு வைத்த மெல்லிய மார்புறை உடனேயும், புண் ஆறி ஆறு முதல் எட்டு வாரம் கழித்துச் சிலிக்கான் மார்புறையும் உண்டு.

தாய்ப்பாலை இரண்டு முழு வருடம் கொடுப்பதைக் குர்ஆன் குறிப்பிடுகிறது. “ஐந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தேன், எனக்கா இது?” என்ற கேள்வி அதனால் எழுகிறது. பால் கொடுப்பது பாதுகாப்புத்தான். பன்னிரண்டு மாதம் கொடுத்தால் ஆபத்து 4 சதவீதம் அளவுக்குக் குறைகிறது. குறைகிறதே ஒழிய இல்லாமல் போவதில்லை. இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் தான் எங்கோ தவறிவிட்டோம் என்ற குற்ற உணர்வு அவளை விடாது.

ஹார்மோனால் வளரும் கட்டி திரும்பாமல் தடுக்கும் மாத்திரை டமாக்சிஃபென், நாளுக்கு 20 மில்லிகிராம், ஐந்து முதல் பத்து வருடம். கீமோவும் இதுவும் சேர்ந்து நாற்பதுக்கு முன்பே மாதவிலக்கை நிறுத்திவிடலாம். மாதவிலக்கு நிற்பதற்கு அரபியில் நெடுங்காலமாக வழங்கும் பெயர் ‘சின்னுல் யஃஸ்’, நம்பிக்கையிழப்பின் வயது. முப்பத்தெட்டு வயதில் ஒருத்தியிடம் இந்தச் சொல்லைச் சொல்வது எவ்வளவு கொடூரம் என்று உணர்ந்து, ‘சின்னுல் அமல்’, நம்பிக்கையின் வயது என்று மாற்றிச் சொல்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள்.

சிலருக்கு மாதவிலக்கு நிற்காமல் தாறுமாறாக வரும். இங்கே மருத்துவர் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. மாதவிலக்கின்போது தொழுகையும் நோன்பும் இல்லை; நோயால் வரும் உதிரப்போக்கு என்றால் உண்டு. எது எதுவென்று தெரியாமல் பெண் தவிக்கிறாள், அந்தரங்கம் என்பதால் யாரிடமும் கேட்பதில்லை. மாதவிலக்கு முற்றிலும் நின்றவளுக்கு டமாக்சிஃபென் காலத்தில் மீண்டும் உதிரம் கண்டால் கருப்பையைச் சோதித்தே ஆக வேண்டும். ஆகவே “தொழுகைக்கு இடைஞ்சலாக ஏதும் வருகிறதா?” என்று பெண் மருத்துவர் கேட்பது உயிர் காக்கும் கேள்வியாகவும் அமையலாம்.

கல்யாணமாகாத பெண்ணின் நிலை இன்னும் கடினம். கீமோவுக்கு முன் கருமுட்டையைச் சேமிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஊசி போட்டு, யோனி வழியாக ஊசியால் முட்டை எடுப்பார்கள். கன்னிமை குறித்த அச்சத்தால் குடும்பம் அங்கேயே நின்றுவிடும். வயிற்றின் வழியாகவும் முட்டை எடுக்கலாம், லேப்ராஸ்கோப்பி என்ற சிறுதுளை அறுவை மூலம் சூலகத் திசுவை எடுத்தும் உறையவைக்கலாம். எகிப்தின் மார்க்கத் தீர்ப்பு மன்றமான தாருல் இஃப்தா நிபந்தனைகளோடு முட்டைச் சேமிப்பை அனுமதித்துள்ளது. அதைப் பயன்படுத்துவது திருமணத்துக்குப் பின், கணவனின் விந்தோடு மட்டுமே. இந்த மாற்று வழிகளை யாரும் சொல்லாததால்தான் பலருக்கு வாய்ப்பு நழுவுகிறது. பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு செய்தி: ஹார்மோன் மாத்திரையை 18 முதல் 30 மாதம் எடுத்தபின், மருத்துவர் கண்காணிப்பில் இரண்டு வருடம்வரை நிறுத்திக் கருத்தரிக்க முயன்றவர்களுக்கு, குறுகிய காலத்தில் நோய் திரும்பும் ஆபத்து கூடவில்லை என்று 2023இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது.

கணவன் இரண்டாவது மனைவி கட்டுவான் என்ற பயம் உண்மையானது. சிலருக்கு நடக்கவும் செய்கிறது. ஆனால் மனைவியின் அறுவைப் புண்ணிலிருந்து நீர் இறக்கும் வடிகுழாயைக் காலி செய்து, அளவைத் தாளில் குறித்துவைக்கும் கணவர்களும் ஏராளம். அவர்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. உடலுறவில் வறட்சியும் வலியும் வந்தால் ஹார்மோன் இல்லாத ஈரப்பதக் களிம்பு முதல் மருந்து. ஆண் மருத்துவரிடம் எந்தப் பெண்ணும் இதைக் கேட்கமாட்டாள், தாதிதான் எடுத்துக்கொடுக்க வேண்டும். வளைகுடா மருத்துவமனைகளில் வேலைபார்க்கும் தமிழ்த் தாதியர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை

‘மக்தூப்’, எழுதப்பட்டது என்று அரபுப் பெண் சொல்லும்போது, விதி என்று கைவிட்டுவிட்டாள் என வெளியாள் படித்துக்கொள்கிறான். அநேகமாக அவள் சொல்வது வேறு. நோய் வந்ததற்குத் தன்னைப் பழிப்பதை அவள் நிறுத்துகிறாள். ‘சப்ர்’ என்பது பொறுமையோடு தாங்குவது. தமிழ் முஸ்லிம் வீடுகளிலும் ‘சபூர்’ என்று அதே சொல் உண்டு. மரணத்தையும் முதுமையையும் தவிர மருந்தில்லாத நோய் இல்லை என்ற கருத்தில் நபிமொழியே இருப்பதால், நம்பிக்கையும் சிகிச்சையும் மோத வேண்டிய தேவை இல்லை. லெபனானின் கிறிஸ்தவப் பெண்கள் அன்னாயாவில் புனித ஷர்பல் மடத்தின் எண்ணெயைப் பூசிக்கொண்டு மறுநாள் கீமோவுக்குப் போகிறார்கள்.

மோதல் வருவது தாமதத்தில். கட்டியைத் தொட்டுணர்ந்த பெண் ஆறு மாதம் ஓதிப் பார்த்தும், தேனும் கருஞ்சீரகமும் சாப்பிட்டும், வளைகுடாவின் பழைய வழக்கப்படி இரும்பால் சூடுபோட்டும் காலத்தைக் கடத்தினால் கட்டி நிலை மாறிவிடும். கருஞ்சீரகத்தைத் திட்டினால் அவள் ஒளித்துச் சாப்பிடுவாள். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டு, மருந்தோடு ஒத்துப்போகுமா என்று மருந்தாளரிடம் காட்டச் சொல்வதே பலிக்கும். காய்ச்சாத ஒட்டகப்பால் மட்டும் கண்டிப்பாகக் கூடாது. அதில் இருக்கக்கூடிய புருசெல்லா கிருமியை எதிர்கொள்ள கீமோ உடம்புக்குத் தெம்பில்லை.

ரமலானில் நோயாளிக்கு நோன்பு விலக்கு. ஆனால் வீடே நோன்பிருக்கும்போது தான் மட்டும் சாப்பிடுவது, குடும்பத்திலிருந்து பிரித்து வைத்ததுபோல் வலிக்கும். கீமோ நாட்களில் நீர் குறைந்தால் சிறுநீரகம் தாங்காது என்பதால் அங்கே விட்டுக்கொடுப்பே இல்லை. டமாக்சிஃபென் மட்டும் எடுப்பவளோ நாளுக்கு ஒரு மாத்திரையை நோன்பு துறந்தபின் போட்டுக்கொண்டு, மருத்துவர் சரி என்றால், நோன்பிருக்கலாம். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு செய்யும்போது தையல் நனையாமல் ஈரக்கையால் கட்டின்மேல் தடவினால் போதும். தொழுகையைத் தொடங்கும் தக்பீருக்குக் கையைத் தோள்மட்டத்துக்கு உயர்த்துவது, நாளுக்கு ஐந்து வேளை, வடிகுழாய் எடுத்தபின் தோள் இறுகாமல் பார்த்துக்கொள்ளும் பயிற்சியாகவே அமைகிறது.

‘வென்றவள்’ என்ற பட்டம்

விழிப்புணர்வு விழாக்களில் ‘நாஜியா’, தப்பியவள் என்றும், ‘முஹாரிபா’, போராளி என்றும் மேடையேற்றுவார்கள். அந்தப் பட்டத்தைச் சிலர் பெருமையாக ஏற்கிறார்கள், பலர் கூசுகிறார்கள். குணமாக்குவது இறைவன், நான் வென்றேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் கண்ணூறு படாதா? ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிற பெண்ணைப் பார்த்து, மனம் திறக்கவில்லை என்று ஆலோசகர் எழுதிவைப்பது பெரும்பிழை. மகளுக்கு நிச்சயம் பேசி முடித்த அன்று, அறுபது பேருக்கு மன்சஃப் என்னும் ஆட்டிறைச்சிச் சோறு பரிமாற எழுந்து நின்ற அன்று அவள் தன்னை மீண்டவளாக உணர்கிறாள்.

எல்லாவற்றுக்கும் பண்பாட்டைக் காரணம் காட்டுவதிலும் அநியாயம் இருக்கிறது. காஸாவில் கதிர்வீச்சுச் சிகிச்சையே கிடையாது. 2023 அக்டோபரில் போர் தொடங்கும்வரை, கிழக்கு ஜெருசலேமின் அகஸ்டா விக்டோரியா மருத்துவமனைக்குப் போக இஸ்ரேலின் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது; போருக்குப் பின் அந்த வழியும் அடைபட்டது. அந்தப் பெண் தாமதமாக வந்தாள் என்றால் அவளுடைய வெட்கத்தைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? வசதி அருகில் வந்தபோது பெண்கள் தயங்காமல் வந்திருக்கிறார்கள். 2011இல் ஷார்ஜாவில் தொடங்கிய பிங்க் கேரவன் குதிரையேறிய குழுவோடு மருத்துவக் குழுவையும் எமிரேட் எமிரேட்டாக அழைத்துச் செல்கிறது. எகிப்து 2019 ஜூலையில் பெண்கள் நலத் திட்டத்தைத் தொடங்கி, அடுத்த தெரு சுகாதார நிலையத்திலேயே இலவசப் பரிசோதனை வைத்தது. ஜோர்தானின் தேசிய மார்பகப் புற்றுநோய்த் திட்டம் 2007 முதல் இயங்குகிறது.

சிகிச்சை முடிந்தவளுக்கு முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை, அடுத்த இரண்டு வருடம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடம் ஒன்று. மேமோகிராம் ஒவ்வொரு வருடமும். தேதி குறிக்கும் எழுத்தர் சந்திர நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ரமலானின் கடைசிப் பத்து நாளிலோ பெருநாள் வாரத்திலோ ஹஜ் காலத்திலோ குறித்தால் அவள் வரமாட்டாள். வராததை யாரிடமும் சொல்லவும் மாட்டாள்.